கியூ கிராமத்து லாமா

வடக்கே இமயமலையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பெயர் கியூ. ரேஷன் கடையில் நாம் வரிசையாக நிற்கிறோமே, அந்தக் கியூ இல்லை. இது ஊரின் பெயர். இமாசலப் பிரதேசத்தில், லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்கு அப்பால் இருக்கும் மலைகளைத் தாண்டினால் திபெத்.

அந்த ஊரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். இன்று நேற்று அல்ல. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தோல் இருக்கிறது. பல் இருக்கிறது. தலையில் முடிகூட இருக்கிறது. உயிர் மட்டும் இல்லை.

அவர் ஒரு புத்தத் துறவி. பெயர் சங்கா தென்சின். திபெத்து வழியில் வந்த புத்தத் துறவிகளில் பெரியவர்களை லாமா என்று சொல்வார்கள். ஊராருக்கு இவர் லாமா.

வெளியூரில் இருந்து வருகிறவர்கள் இவரை 'மம்மி' என்கிறார்கள். அம்மாவை மம்மி என்று கூப்பிடும் பிள்ளைகள் இப்போது நம் தெருவிலும் உண்டு. அது வேறு, இது வேறு. கெட்டுப் போகாமல் காய்ந்து நிற்கும் உடலுக்கு மம்மி என்று பெயர். அரபு மொழியில் தாரைக் குறிக்கும் ஒரு சொல்லில் இருந்து வந்தது.

ஒருவரே ஊருக்கு லாமா. வெளியாருக்கு மம்மி. இரண்டும் ஒன்றா? போய்ப் பார்த்துவிட்டுப் பேசுவோம். வாருங்கள்.

போகும் வழி

முதலில் சிம்லாவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து பேருந்தில் ரெக்காங் பியோ என்ற ஊர். அது கின்னௌர் மாவட்டத்தின் தலைநகர். ஒரு பகல் முழுதும் ஆகும். வழி எல்லாம் ஆப்பிள் தோட்டம். பாதை மலையைக் குடைந்து போட்டது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் சட்லெஜ் ஆறு ஓடுகிறது.

மறுநாள் காஜாவுக்குப் போகும் பேருந்தில் ஏற வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் மரங்கள் குறைகின்றன. அப்புறம் மரமே இல்லை. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து பாதை ஸ்பிதி ஆற்றோடு திரும்புகிறது. நாகோ, சாங்கோ என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டி சும்தோ வருகிறோம். எல்லை பக்கம் என்பதால் இங்கே காவல் உண்டு. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்தோவுக்குக் கொஞ்சம் அப்பால் வலது பக்கம் ஒரு கிளைப் பாதை ஏறுகிறது. அதில் சுமார் 8 கிலோமீட்டர் போனால் கியூ. பெரிய பாதையில் இறங்கினால் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடகை வண்டி பிடிக்க வேண்டும்.

நடப்பதாக இருந்தால் அவசரம் வேண்டாம். நாம் இப்போது 10,000 அடிக்கு மேலே இருக்கிறோம். ஊட்டியை விட உயரம். இங்கே காற்று மெல்லியது. பத்து அடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். சிலருக்குத் தலை வலிக்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தலைவலியோடு வாந்தியும் வந்து, நடை தள்ளாடினால் அது மலை நோய். "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று மேலே ஏறக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

எதிரே வருகிறவர்களைப் பார்த்தால் "ஜூலே" என்று சொல்லுங்கள். வணக்கம் என்று பொருள். நன்றி என்றும் பொருள். போய் வருகிறேன் என்றும் பொருள். ஒரே சொல்லில் மூன்று வேலை முடிந்துவிடுகிறது.

மழை எட்டாத நிலம்

சுற்றிலும் பாருங்கள். மலை எல்லாம் மொட்டை. மண் நிறம், சாம்பல் நிறம், செம்பழுப்பு நிறம். ஆற்றங்கரையிலும் ஊரை ஒட்டியும் மட்டும் பச்சை தெரிகிறது. அங்கே பார்லியும் பச்சைப் பட்டாணியும் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் மழையில் இருந்து வந்தது அல்ல. மலை உச்சிப் பனி உருகி வாய்க்காலில் வருகிறது.

இது பாலைவனம். பாலைவனம் என்றால் சுட வேண்டும் என்பது இல்லை. மழை இல்லாவிட்டால் அது பாலைவனம்தான். இது குளிர்ப் பாலைவனம்.

இங்கே ஏன் மழை இல்லை? தெற்கே கடலில் இருந்து மேகம் வருகிறது. இமயமலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மலையின் இந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் போகும்போது மேகத்தில் ஈரம் மிஞ்சுவது இல்லை. ஸ்பிதி அந்தப் பக்கத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி விழும். மழை மட்டும் எப்போதாவது தூறும்.

இந்த ஊர் வீடுகளைப் பார்த்தால் இது புரியும். சுவர் மண். கூரையும் மண். கூரை சரிவாக இல்லை, மொட்டை மாடி போலத் தட்டையாக இருக்கிறது. விறகையும் தீவனத்தையும் மேலே அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஐப்பசி மழைக்கு இந்தக் கூரை தாங்குமா? இரண்டு நாளில் கரைந்து வீட்டுக்குள் வந்துவிடும்.

கியூவுக்குப் பக்கத்தில் தாபோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு புத்த மடம். கி.பி. 996-இல் கட்டியது. கல்லால் கட்டியது அல்ல, மண்ணால் கட்டியது. உள்ளே சுவர் முழுதும் ஓவியம். ஆயிரம் ஆண்டு தாண்டியும் மண்சுவர் நிற்கிறது, அதன் மேல் தீட்டிய வண்ணமும் நிற்கிறது. 1996-இல் அதன் ஆயிரம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். தலாய் லாமா வந்திருந்தார்.

இந்த மண்சுவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாமாவின் கதைக்கு இது வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள்

ஊருக்கு மேலே மேட்டில் ஒரு சின்ன அறை. கதவு பூட்டியிருந்தால் ஊரில் யாரையாவது கேட்க வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்குள் அவர்.

முதலில் தோன்றுவது, இவ்வளவு சின்ன உருவமா என்பதுதான். காய்ந்த உடல் சுருங்கும். பத்து வயதுப் பிள்ளை அளவுக்குத் தெரிகிறார். படுத்திருக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறார். முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கி, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். தோல் கறுத்து எலும்போடு ஒட்டியிருக்கிறது. உதடு விலகிப் பல் தெரிகிறது. மேலே துணி போர்த்தியிருக்கிறார்கள். வந்தவர்கள் வைத்த காசும் வெள்ளைச் சால்வையும் இருக்கும். பெரியவர்களுக்கு வெள்ளைச் சால்வை சாத்துவது அங்கே மரியாதை.

இன்னொன்றைக் கவனியுங்கள். கழுத்தில் இருந்து காலுக்கு ஒரு பட்டை போகிறது. அதற்குக் கோம்தாக் என்று பெயர். ஐயப்பன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். அதை யோகப்பட்டம் என்பார்கள். நெடுநேரம் தியானத்தில் உட்காருகிறவர் சாய்ந்துவிடாமல் அது தாங்கும். லாமாவின் பட்டைக்கும் அதே வேலைதான்.

இந்தப் பட்டை ஒரு சாட்சி. யாரோ செத்தவரை எடுத்து வந்து இப்படி உட்கார வைத்தார்கள் என்று தோன்றவில்லை. அவரே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. அதற்கு முன்பே தயாராகிவிட்டார் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

பெட்டியில் மருந்து எதுவும் இல்லை. எகிப்து நாட்டு மம்மிகள் அப்படி அல்ல. அங்கே உடலைத் திறந்து குடல், ஈரல் எல்லாம் எடுத்துவிடுவார்கள். ஒரு வகை உப்பில் நாற்பது நாள் போல மூடி வைப்பார்கள். எண்ணெயும் பிசினும் பூசித் துணியால் சுற்றுவார்கள். பெரிய வேலை. பெரிய செலவு. திபெத்திலும் சில பெரிய லாமாக்களின் உடலை உப்பிட்டு உலர்த்தி, தூபி என்னும் சமாதிக்குள் வைப்பது உண்டு. கியூ லாமாவை யாரும் திறக்கவில்லை. குடலும் ஈரலும் உள்ளேயே இருக்க, உடல் தானாக உலர்ந்திருக்கிறது.

உடல் ஏன் கெடவில்லை?

கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவரைப் பற்றிப் பேசும்போது கருவாடா என்று கோபிக்க வேண்டாம். பாடம் அதில்தான் இருக்கிறது.

மீன் ஏன் நாறுகிறது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. அவற்றுக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று ஈரம். இன்னொன்று சூடு. மீனை உப்பிட்டு வெயிலில் போட்டால் ஈரம் போய்விடுகிறது. நுண்ணுயிர் பெருக வழி இல்லை. மீன் கருவாடு ஆகிறது, மாதக்கணக்கில் இருக்கிறது. வற்றலும் வடகமும் இப்படித்தான். அதே வடகத்தை அடைமழையில் திறந்து வைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும்.

ஈரத்தை எடுத்துவிட்டால் கெடாது. சூட்டை எடுத்துவிட்டாலும் சீக்கிரம் கெடாது. குளிர்பெட்டியில் பால் இருப்பது அதனால்தான்.

கியூவில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. காற்றில் ஈரம் இல்லை. ஆண்டில் பல மாதம் கடுங்குளிர். திபெத்திலும் இந்த மலைப்பக்கங்களிலும் குளிர்காலத்தில் இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டே உலர்த்துவார்கள். குளிரும் காற்றும் சேர்ந்து அதைக் காயவைத்துவிடும்.

ஆனால் ஊரில் எத்தனையோ பேர் இறந்திருப்பார்கள். எல்லா உடலும் இப்படி நிற்கவில்லையே? இவர் உடல் மட்டும் எப்படி நின்றது?

இதற்கு விடை தேடியவர் விக்டர் மேர் என்ற பேராசிரியர். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். இந்த உடல் குறைந்தது ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது என்பது அவர் கணிப்பு. உடலைச் சோதித்தபோது நைட்ரஜன் என்ற பொருளின் அளவு மிகுந்திருந்தது. அது நெடுநாள் பட்டினியின் அடையாளம். பட்டினி கிடந்தால் உடம்பு முதலில் தன் கொழுப்பைத் தின்னும். கொழுப்பு தீர்ந்தால் தன் தசையையே தின்னும். அதன் தடம் உடலில் தங்கிவிடுகிறது.

இப்போது கணக்கு சேருகிறது. லாமா சாவதற்கு வெகுநாள் முன்பே உணவைக் குறைத்திருக்கிறார். கொழுப்பு கரைந்துவிட்டது. சதை வற்றிவிட்டது. கெடுவதற்கு உடலில் மிஞ்சியது கொஞ்சம். உயிர் போன பிறகு மீதி ஈரத்தைக் குளிர்ந்த காற்று குடித்துவிட்டது. பாதி வேலையை அவர் செய்தார், பாதியை ஸ்பிதி செய்தது.

ஜப்பானிலும் இப்படிச் செய்த துறவிகள் இருந்தார்கள். அங்கே யாமகாத்தா என்ற பகுதியில் சிலரின் உடல்கள் இன்றும் கோயில்களில் இருக்கின்றன. அவர்கள் அரிசி, கோதுமை போன்ற தானியங்களை விட்டார்கள். மலையில் கிடைத்த கொட்டையையும் மரப்பட்டையையும் தின்றார்கள். இந்த நோன்பு ஆயிரம் நாள், அதற்கு மேலும் நடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நாட்டு அரசு இதற்குத் தடை போட்டது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் பட்டினியை அறிந்தவர்கள். உலை வைக்க அரிசி இல்லாத நாள் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கிடைக்காமல் பட்டினி கிடப்பது வேறு. கிடைத்ததை வேண்டாம் என்று தள்ளுவது வேறு. லாமா செய்தது இரண்டாவது. இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்ய வேண்டியது இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மன உறுதி சாதாரணமானது அல்ல. நம் பக்கத்தில் ஜீவசமாதி என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அவர் முன்னால் நின்றால் பேச்சு வராது.

தேளும் வானவில்லும்

அவர் ஏன் இப்படிச் செய்தார்? ஊரார் ஒரு கதை சொல்கிறார்கள்.

முன்னொரு காலத்தில் கியூவில் தேள் பெருகிவிட்டதாம். வீட்டில் தேள், வயலில் தேள். மக்கள் தவித்தார்கள். லாமா சீடர்களைக் கூப்பிட்டார். "என்னைச் சமாதியில் வைத்துவிடுங்கள்" என்றார். உட்கார்ந்து தியானத்தில் மூழ்கினார். அவர் உயிர் பிரிந்தபோது வானத்தில் வானவில் தோன்றியது. அன்றோடு தேள் ஒழிந்தது.

இதற்குச் சான்று கேட்டால் காட்ட முடியாது. ஆனால் கதை ஒரு செய்தியைச் சொல்கிறது. ஊருக்காக உயிரைக் கொடுத்தவர் என்று ஐந்நூறு ஆண்டாக அவரை நினைத்துவருகிறார்கள். நம் ஊர் எல்லையில் காவல் தெய்வங்கள் நிற்கின்றன. அவர்களில் எத்தனையோ பேரின் கதையும் இப்படித்தான் தொடங்கும்.

இன்னொரு பேச்சும் உண்டு. லாமாவுக்கு இன்னும் முடி வளருகிறது, நகம் வளருகிறது என்பார்கள். இது உண்மையா?

முடி வளர ரத்தம் வேண்டும். ரத்தத்துக்குச் சோறு வேண்டும். உயிர் போனால் இரண்டும் நின்றுவிடும். அப்படியானால் பார்த்தவர்கள் பொய் சொன்னார்களா? அதுவும் இல்லை. உடல் காயும்போது தோல் சுருங்கிப் பின்னால் போகிறது. உள்ளே மறைந்திருந்த முடியும் நகமும் வெளியே தெரிகின்றன. பார்க்கிறவர் கண்ணுக்கு வளர்ந்தது போல இருக்கும். கண் பார்த்தது சரி. காரணம்தான் வேறு.

தோண்டும்போது கருவி தலையில் பட்டு ரத்தம் வந்தது என்றும் சொல்வார்கள். காய்ந்த உடலில் ஓடும் ரத்தம் இருக்காது. ஆனால் இதைச் சொல்கிறவரிடம் போய் வாதாட வேண்டாம். லாமாவை உயிர் உள்ளவராக நினைப்பதால் அப்படிப் பேசுகிறார்கள். நாம் விருந்தாளிகள். கேட்டுக்கொள்வோம். வீட்டுக்கு வந்து அறிவியலைப் பேசிக்கொள்வோம்.

பூமி அசைந்த நாள்

இத்தனை காலம் லாமா எங்கே இருந்தார்? சமாதிக்குள். வெளிச்சம் இல்லை, ஆள் இல்லை, ஈரம் இல்லை.

1975-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி. பகல் நேரம். கின்னௌரிலும் ஸ்பிதியிலும் பூமி குலுங்கியது. ரிக்டர் அளவில் 6.8. வீடுகள் விழுந்தன. மலை சரிந்து பாதைகளை மூடியது. குளிர்காலம் வேறு. பல உயிர்கள் போயின. நாம் பார்த்த தாபோ மடத்துக்கும், காஜாவுக்கு அப்பால் இருக்கும் கீ மடத்துக்கும் சேதம்.

அந்த அதிர்ச்சியில் லாமாவின் சமாதியும் உடைந்தது. அவர் வெளியே தெரிந்தார். பிறகு 2004-இல் உடலை முறையாக வெளியே எடுத்தார்கள். இன்று நாம் பார்க்கும் அறையில் வைத்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு மடமும் எழும்பியிருக்கிறது.

ஒன்றை யோசியுங்கள். ஐந்நூறு ஆண்டு இருட்டில் இருந்தவர். இப்போது சில பத்து ஆண்டுகளாக வெளிச்சத்தில் இருக்கிறார். நாள்தோறும் ஆட்கள் வருகிறார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு சின்னச் சோதனை செய்வோம். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். அதன் மேல் வாயால் ஊதுங்கள். கண்ணாடி மங்குகிறது. விரலால் தொட்டால் ஈரம். அது உங்கள் மூச்சில் இருந்து வந்தது. ஒருவர் மூச்சில் இவ்வளவு ஈரம் என்றால் நூறு பேர் மூச்சில் எவ்வளவு? சின்ன அறை அது. பெட்டி மூடியிருப்பது நல்லதுதான். ஆனால் அறையில் தேங்கும் ஈரம், வெயில், தூசி, கைப்பேசி விளக்கு எல்லாமே காய்ந்த உடலுக்குப் பகை.

மழையும் ஒரு கவலைதான். மழை இல்லை என்ற நம்பிக்கையில் வாழும் நிலம் இது. மழை கூடினால் மண்கூரை ஒழுகும். தாபோ சுவரில் இருக்கும் ஓவியம் கரையும். லாமாவைக் காத்த வறட்சியும் குறையும்.

யார் அவருக்குச் சொந்தம்?

அப்படியானால் அவரை ஏதாவது ஒரு நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகலாமே என்று ஒருவர் கேட்கலாம். அங்கே ஈரத்தை அளக்கக் கருவி இருக்கும். காவல் இருக்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன் சீனாவில் நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள்.

சீனாவில் ஃபூஜியன் மாகாணத்தில் யாங்சுன் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு புத்தர் சிலையை ஊரார் தலைமுறை தலைமுறையாக வணங்கிவந்தார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த துறவி ஒருவரின் உடல் அந்தச் சிலைக்குள் இருக்கிறது என்று நம்பினார்கள். 1995-இல் சிலை காணாமல் போனது. திருட்டு. இருபது ஆண்டு கழித்து, 2015-இல், ஹங்கேரி நாட்டில் ஒரு கண்காட்சியில் ஒரு சிலையை வைத்தார்கள். அதற்குள் துறவியின் உடல் இருப்பதை மருத்துவமனைக் கருவியால் படம் பிடித்துக் காட்டியிருந்தார்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஒருவர் அதை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். செய்தியைப் பார்த்த கிராமத்தார், "இவர் எங்கள் பெரியவர்" என்றார்கள்.

வழக்கு நடந்தது. நெதர்லாந்து நீதிமன்றம் 2018-இல் வழக்கைத் தள்ளியது. வழக்குப் போடும் தகுதி கிராமக் குழுவுக்கு இல்லை என்றது. சீனாவில் ஒரு நீதிமன்றம் 2020-இல் கிராமத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிலையைத் திருப்பிக் கொடு என்றது. வாங்கியவருக்கு அது விலை மதிப்புள்ள பழம்பொருள். கிராமத்துக்கு அவர் வீட்டில் இருந்து தூக்கிப்போன பாட்டன்.

கியூ லாமாவை யாரும் தூக்கிப்போகவில்லை. இவர் தம் ஊரிலேயே இருக்கிறார். இவரால் ஊருக்குப் பயணிகள் வருகிறார்கள். தேநீர் விற்கிறது, வண்டிக்கு வாடகை கிடைக்கிறது. பட்டாணி விளைச்சலை மட்டும் நம்பியிருக்கும் மலையூருக்கு இந்த நாலு காசு பெரிதுதான். ஊரில் வைத்துக்கொண்டே நன்றாகக் காக்க முடியாதா? ஈரத்தை அளக்கும் கருவி பெரிய செலவு இல்லை. ஒரு நேரத்தில் ஐந்து பேரை மட்டும் உள்ளே விடலாம். மதிய வெயில் விழாமல் திரை போடலாம். இதை எல்லாம் ஊராரோடு உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும். அவர்களை விட்டுவிட்டு முடிவு எடுப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சமாதியில் இருந்து வெளியே வந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான்.

அறையை விட்டு வெளியே வருகிறோம். செருப்பை மாட்டிக்கொள்கிறோம். கீழே வயலில் வாய்க்கால் மடையை ஒரு பெண் மண்வெட்டியால் திருப்பிவிடுகிறார். நம்மைப் பார்க்கிறார். "ஜூலே" என்கிறோம். அவரும் "ஜூலே" என்கிறார். வந்ததற்கா, போவதற்கா என்று தெரியவில்லை.

இருட்டுவதற்குள் பெரிய பாதையைப் பிடிக்க வேண்டும். இன்று இரவு தாபோவில் தங்கல்.

கூடிப் பேசுவோம்

உங்கள் படிப்பு வட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் உரக்கப் படியுங்கள். பிறகு பேசுங்கள். உங்கள் வீட்டில் எந்தெந்தப் பொருளை உலர்த்தி வைக்கிறீர்கள்? எந்த மாதத்தில்? ஏன் அந்த மாதத்தில்? உங்கள் ஊர்க் காவல் தெய்வத்துக்கு என்ன கதை சொல்கிறார்கள்? அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை என்றால் ஊரில் வயதான ஒருவரிடம் கேட்டுப் பத்து வரியில் எழுதுங்கள். நாளைக்கே உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது இப்படி ஒரு பெரியவர் வெளியே வந்தால் என்ன செய்வீர்கள்? மூடிவிடுவீர்களா, கண்ணாடிப் பெட்டி செய்வீர்களா, அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பீர்களா? முதலில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?